மேற்படி நின்ற மகளிரும் வளர்ந்த கோலும்

பெண்களின் எலும்புக்காக ஓர் அலுவலகம் ஒரே வருடத்தில் நாற்பத்தொரு கூட்டம் போட்டதாக உலக வரலாற்றில் வேறெங்கும் பதிவில்லை. மனிதர்கள் மலையைக் குடைந்தார்கள், கடலில் பாலம் போட்டார்கள், நிலாவில் கால் வைத்தார்கள், யார் இல்லையென்றது? ஆனால் ஐம்பதை ஒட்டியும் தாண்டியும் இருந்த பதினொரு பெண்களின் முதுகெலும்பைத் தேயவிடாமல் தடுத்தே தீருவதென்று வரிந்துகட்டிக்கொண்டு இறங்கிய பெருமை எடை அளவு முத்திரை அலுவலகம் ஒன்றுக்கே உரியது. கூட்டத்துக்கு ஆளுக்கு இரண்டு பிஸ்கட் கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

அலுவலகத்தின் அன்றாட வேலை என்னவோ வேறு. கடைத்தெருவில் உள்ள தராசு, எடைக்கல், மீட்டர் கோல் எல்லாவற்றையும் சோதித்து, சரியாக இருந்தால் முத்திரை குத்துவது. குறைந்திருந்தால் கடைக்காரரைப் பிடிபிடி என்று பிடிப்பது. இருபத்தொன்பது வருடமாக இந்த வேலையைச் செய்துவந்த ஆய்வாளர் அம்மாவுக்குக் கடைக்காரர்கள் வைத்திருந்த பெயர் அளவுக்காரம்மா. அவர் தெருமுனையில் திரும்பினாலே தராசுகள் தாமாக நேராகிவிடும் என்று பேச்சு. வயது ஐம்பத்தாறு. மாதவிடாய் நின்று ஏழு வருடம். இந்தக் கடைசித் தகவலை அவர் அலுவலகத்தில் யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்டதுமில்லை, அந்தச் சுற்றறிக்கை வரும்வரை.

சுற்றறிக்கையை அனுப்பியவர் புதிய இயக்குநர். மடிப்புக் கலையாத சட்டை போட்டவர். எதைத் தொட்டாலும் அது "திட்டம்" ஆகிவிடும். பெண்கள் நலனில் அவருக்கு இருந்த அக்கறையை யாரும் சந்தேகிக்க முடியாது. ஒரே ஒரு சங்கடம், மாதவிடாய் என்ற சொல்லை எழுத அவருக்குக் கை கூசியது. ஆகவே அலுவலக மரபுப்படி "மேற்படி" என்று போட்டார். மேலே அப்படி எதுவும் எழுதப்பட்டிருக்கவில்லை.

"மேற்படி நின்ற மகளிர் அனைவரும், மேற்படி நின்றதன் விளைவாக எலும்பு தேயும் அபாயம் கருதி, 'எலும்பரசி' தாவர ஈஸ்ட்ரோஜன் மாத்திரையை நாளொன்றுக்கு இரண்டு வீதம் உட்கொள்ளப் பணிக்கப்படுகிறார்கள். மேற்படி நிற்காதவர்கள், நின்ற இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் அலுவலகத்துக்குத் தகவல் தெரிவிக்கவும்."

எலும்பரசியை அலுவலகத்துக்குள் அழைத்து வந்தது வேற்றாள் இல்லை, அளவுக்காரம்மாவின் சொந்த நாத்தனார். முந்தின வருடம் காந்தப் படுக்கை, அதற்கும் முந்தின வருடம் தண்ணீர் வடிகட்டி என்று மனித குலத்துக்கு இடைவிடாமல் தொண்டு செய்துவந்த அந்த அம்மாள், இப்போது எலும்பரசியின் "நலத்தூதர்". தொடக்க விழாவில் ஒலிபெருக்கியைக் கையில் வாங்கினார்.

"சோயாவுல இருக்கு, சிவப்பு க்ளோவர் பூவுல இருக்கு! நம்ம உடம்புல ஈஸ்ட்ரோஜன் வத்திப்போச்சா? வத்தட்டும், கவலையே படாதீங்க. செடி நமக்குக் குடுக்கும்!"

"செடிக்கு எலும்பே கிடையாதேம்மா?" என்றார் முன்வரிசையில் இருந்த டைப்பிஸ்ட் அம்மா.

"அதைத்தான் நானும் சொல்றேன்! இருக்கறதை எல்லாம் நமக்கே குடுத்துடுது!"

கைதட்டல் அடங்க இரண்டு நிமிடம் ஆனது.

இயக்குநர் எழுந்தார். "நாம அளவு பாக்கற அலுவலகம். நம்ம திட்டத்துக்கே அளவு இல்லேன்னா நல்லாவா இருக்கும்? இன்னிக்கு ஒரு தடவை, வருஷக் கடைசியில ஒரு தடவை, எல்லாரோட உயரத்தையும் எடுப்போம். எலும்பு தேஞ்சா ஆள் குறையணும். குறையலேன்னா திட்டம் ஜெயிச்சுது!"

இதற்காக மூலக்கோலையே கண்ணாடிப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்தார்கள். மூலக்கோல் என்பது இரண்டு மீட்டர் நீள எஃகுக் கோல். கடைத்தெருவில் உள்ள அத்தனை கோல்களும் அதோடு ஒத்துப் பார்த்த பிறகுதான் முத்திரை பெறும். அதைச் சுவரோடு நிறுத்தி, பதினொரு பெண்களையும் செருப்பைக் கழற்றச் சொல்லி, அளவுக்காரம்மாவே அளந்தார். அவரை டைப்பிஸ்ட் அம்மா ஸ்டூலில் ஏறி அளந்தார். நூற்று ஐம்பத்தேழு புள்ளி ஆறு சென்டிமீட்டர்.

வீட்டிலும் எலும்பரசியின் ஆட்சிதான். அளவுக்காரம்மாவுக்குக் கணவர் என்று ஒருவர் உண்டு; ஆனால் அவரை நாத்தனாரின் அண்ணன் என்று சொன்னால்தான் ஆளைச் சரியாக அடையாளம் தெரியும். காலையும் மாலையும் மாத்திரையைத் தண்ணீரோடு கொண்டுவந்து நீட்டுவார். கல்யாணமான முப்பது வருடத்தில் அவர் மனைவிக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தது இதுதான் முதல்முறை. அந்த வகையில் மாத்திரை வேலை செய்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

எட்டாவது மாதம் ஒரு மளிகைக்கடையில் இருபது கிலோ எடைக்கல்லைத் தூக்கும்போது அளவுக்காரம்மாவின் முதுகில் சுளீரென்று ஏதோ பிடித்தது. மூன்று நாள் குனிய முடியவில்லை, நிமிர முடியவில்லை. நாலாம் நாள் டாக்டரிடம் போனார்.

"உங்க வீட்டுல யாருக்காவது எலும்பு உடைஞ்சிருக்கா?" என்று கேட்டார் அந்தப் பெண் டாக்டர்.

"எங்கம்மாவுக்கு. குளியலறையில வழுக்கி இடுப்பு உடைஞ்சுது. அப்புறம் எழுந்திருக்கவே இல்ல டாக்டர். அஞ்சே மாசம்."

"நீங்க எலும்புக்கு ஏதாவது மருந்து எடுக்கறீங்களா?"

அளவுக்காரம்மா கைப்பையிலிருந்து எலும்பரசி டப்பாவை எடுத்து வைத்தார். டாக்டர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சோயா சாப்பிடறது தப்புன்னு சொல்ல மாட்டேன். சில பேருக்கு உடம்பு கொதிக்கறது, வேர்க்கறது கொஞ்சம் குறையலாம். ஆனா எலும்பை இது காப்பாத்திடும்னு நம்பிக்கிட்டு சும்மா இருக்க முடியாதும்மா. எலும்பு எவ்வளவு தேஞ்சிருக்குன்னு ஸ்கேன் எடுத்துப் பாக்கணும். அப்பதான் நிஜமான மருந்து எழுத முடியும். தள்ளிப்போடாதீங்க."

அன்றிரவு அவருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. பயமாக இருந்தது. அம்மா படுக்கையில் கிடந்தபடி கூரையையே பார்த்துக்கொண்டிருந்த அந்த ஐந்து மாதமும் கண்முன் வந்து போயின.

அந்த ஸ்கேன் இயந்திரம் ஊரில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, ஊழியர் மருத்துவமனையில். அலுவலகத் தலைவரின் கையெழுத்து இல்லாமல் வரிசையில்கூட நிற்க விடமாட்டார்கள். மறுநாள் காலை அவர் இயக்குநரின் அறைக்குப் போனார்.

"சார், எலும்பு ஸ்கேன் எடுக்கணும். உங்க கையெழுத்து வேணும்."

"எலும்புக்கு என்னம்மா?"

"தேயுதோன்னு சந்தேகம் சார்."

"தேயக் கூடாதே! மாத்திரை சாப்பிடறீங்கல்ல?"

"சாப்பிடறேன்."

"அப்போ தேயல."

"தேயலையான்னு பாக்கத்தான் சார் ஸ்கேன்."

"தேயாத எலும்புக்கு எதுக்கும்மா ஸ்கேன்?"

"ஒருவேளை தேஞ்சிருந்தா?"

இயக்குநர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "தேஞ்சிருந்தா திட்டம் தோத்துப்போச்சுன்னு அர்த்தம். தோத்துப்போன திட்டத்துல இருக்கறவங்களை ஸ்கேனுக்கு அனுப்ப விதியில இடமே இல்ல."

இருபத்தொன்பது வருடத்தில் எத்தனையோ கள்ளத் தராசுகளைப் பிடித்த அளவுக்காரம்மாவுக்கு இதில் எந்தத் தட்டில் கல் ஒட்டியிருக்கிறது என்று பிடிபடவில்லை. கதவை நோக்கித் திரும்பினார்.

"வருஷக் கடைசி அளவெடுப்பு வரட்டும்மா," என்று முதுகுக்குப் பின்னால் இயக்குநர் ஆறுதல் சொன்னார். "குறைஞ்சிருந்தா பாத்துக்கலாம்."

அந்த நாளும் வந்தது. கூடத்தின் குறுக்கே "நிமிர்ந்தோம்!" என்று பெரிய பதாகை. பத்திரிகைக்காரர் ஒருவர். மேடையில் பளபளவென்று நாத்தனார். மூலக்கோல் மறுபடியும் சுவரோடு நிறுத்தப்பட்டது.

ஏழு பேருக்கு அளவு மாறவே இல்லை. ஒவ்வொருவருக்கும் கைதட்டல். மூன்று பேருக்குச் சில மில்லிமீட்டர் குறைந்திருந்தது. அவர்களுக்குக் கைதட்டல் கொஞ்சம் குறைவாகக் கிடைத்தது. கடைசியாக அளவுக்காரம்மா கோலின் முன்னால் நின்றார். ஸ்டூலில் ஏறிய டைப்பிஸ்ட் அம்மா எண்ணைப் பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"நூத்தி அம்பத்தஞ்சு புள்ளி அஞ்சு..."

பத்திரிகைக்காரர் பேனாவைத் திறந்தார்.

"அண்ணி, மூச்சை நல்லா இழுத்துப் பிடிங்க!" என்று நாத்தனார் மேடையிலிருந்து இறங்கி ஓடிவந்தார்.

"மூச்சை இழுத்தா எலும்பு நீளுமாம்மா?"

"கொண்டையைத் தூக்கி உச்சியில போடுங்க."

"கொண்டைக்கு ஏதும்மா எலும்பு?"

"அப்போ குதிகாலை லேசா தூக்குங்க அண்ணி. யாரும் பாக்கல."

"நான் பாத்துட்டுத்தானே இருக்கேன்," என்றார் அளவுக்காரம்மா.

இயக்குநர் பதிவேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். குரலைத் தாழ்த்தினார். "அம்மா, பழைய அளவையே எழுதிடுங்க. ஸ்கேன் சீட்டுல இங்கயே, இப்பவே கையெழுத்துப் போட்டுத் தரேன்."

அளவுக்காரம்மா பேனாவைப் பிடித்தபடி நின்றார். அந்தச் சீட்டுக்காக நாலு மாதமாக அலைகிறார். ஒரு எண்ணை மாற்றினால் போதும், முதுகுக்கு மருந்து கிடைத்துவிடும். எழுதுவோமே என்றுதான் நினைத்தார். ஆனால் கை 155.5 என்று எழுதிவிட்டது. இதை வீரம் என்று யாரும் புகழ வேண்டாம். இருபத்தொன்பது வருடப் பழக்கம், கைக்குப் பொய் எண் எழுதத் தெரியவில்லை.

இயக்குநர் அசரவில்லை. பெரிய மனிதர்கள் நெருக்கடியில்தான் பெரிய மனிதர்களாக இருப்பார்கள். அந்த இடத்திலேயே மூவர் கமிட்டி ஒன்றை அமைத்தார். ஒருவர் அவர். இன்னொருவர் அவருடைய சுருக்கெழுத்தாளர். மூன்றாமவர் அவருடைய கார் ஓட்டுநர், எண்ணிக்கை குறையக் கூடாதே என்பதற்காக. கமிட்டி அரை மணி நேரம் பிஸ்கட்டோடு விவாதித்துவிட்டு, கைகளைத் தூக்கி, ஒருமனதாக ஒரு முடிவுக்கு வந்தது.

மூலக்கோல் வளர்ந்துவிட்டது.

"எஃகு எப்படி சார் வளரும்?" என்றார் அளவுக்காரம்மா.

"கண்ணாடிப் பெட்டியில வெயில் படுதேம்மா."

"வெயில் பட்டா ஒரு மில்லிமீட்டர்கூட வராது சார். தலைமையகத்துக்கு அனுப்பிச் சரிபார்த்துடலாமே?"

"நீங்க எஃகைப் பத்திப் பேசறீங்க. நான் கமிட்டி முடிவைப் பத்திப் பேசறேன்."

முடிவின் மகிமை அதோடு நிற்கவில்லை. கோல் வளர்ந்திருக்கிறது என்றால் அளவுக்காரம்மா குறையவில்லை, இருந்தபடியே இருக்கிறார். அப்படியென்றால் அளவு மாறாத அந்த ஏழு பேர்? கோலோடு சேர்ந்து அவர்களும் வளர்ந்திருக்கிறார்கள்! ஐம்பது வயதுக்கு மேல், ஆளுக்கு இரண்டு சென்டிமீட்டர்! நாத்தனாருக்கு ஆனந்தக் கண்ணீரே வந்துவிட்டது. மறுநாள் பத்திரிகையில் "மாத்திரையால் வளர்ந்த மங்கையர்" என்று படத்தோடு செய்தி வந்தது. அந்த ஏழு பேரில் ஒருவரான டைப்பிஸ்ட் அம்மா அன்றிலிருந்து வாசல் நிலை இடிக்காமல் தலை குனிந்துதான் நுழைந்தார்.

"பாத்தியா? நீ குறையவே இல்ல. கோல்தான் வளர்ந்திருக்கு," என்றார் நாத்தனாரின் அண்ணன், வீட்டில் பத்திரிகையை ஆட்டியபடி.

"அப்போ சமையலறை அலமாரி மேல்தட்டு எனக்கு ஏன் எட்ட மாட்டேங்குது?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "அலமாரியும் வளர்ந்திருக்கும்."

மூன்றாம் நாள் காலை அலுவலக வாசலில் முப்பது பேர் வந்து நின்றார்கள், ஆளுக்கொரு மீட்டர் கோலோடு. இயக்குநர் முதலில் பாராட்டு விழா என்றுதான் நினைத்தார். ஜவுளிக்கடைச் சங்கத் தலைவர் பத்திரிகையை மேசைமேல் விரித்தார்.

"ஐயா, உங்க மூலக்கோல் வளர்ந்துடுச்சாமே?"

"ஆமா. நம்ம எல்லாருக்கும் பெருமை."

"அதோட ஒத்துப் பாத்துத்தானே எங்க கோலுக்கெல்லாம் முத்திரை குத்தினீங்க? அப்போ எங்க கோலும் நீளம்தானே? மீட்டருக்கு ஒன்னே கால் சென்டிமீட்டருக்கு மேல! வருஷம் பூரா ஊருக்கே துணியை அதிகமா வெட்டிக் குடுத்திருக்கோம். அத்தனையும் திரும்பி வரணும்."

"யார்கிட்ட இருந்துய்யா?"

"வாங்கினவங்ககிட்ட இருந்துதான். உங்க ஆளுங்க வீடு வீடா போகட்டும். சட்டை, பாவாடை, ஜன்னல் திரை, தலையணை உறை, எல்லாத்துலயும் ஓரத்தைக் கத்தரிச்சு வாங்கிட்டு வரட்டும். கத்தரிக்கோல் சங்கத்துச் செலவு." தலைவர் பையிலிருந்து ஒரு நீளமான கத்தரிக்கோலை எடுத்தார். "முதல்ல ஐயா சட்டையிலேயே ஆரம்பிச்சுடலாமா? அது எங்க கடைத் துணிதான். எனக்கு நல்லா தெரியும்."

இயக்குநர் சட்டையின் ஓரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். கமிட்டி அவசரமாகக் கூடியது. ஓட்டுநர் வெளியே போயிருந்ததால் அவர் கையைத் தூக்கியதாகவே பாவித்துக்கொண்டார்கள். பத்தே நிமிடத்தில் மூலக்கோல் உத்தரவுக்குக் கட்டுப்பட்டுப் பழைய நீளத்துக்குத் திரும்பியது. ஏழு பெண்களின் வளர்ச்சியும் தேதியிட்டு ரத்து செய்யப்பட்டது. டைப்பிஸ்ட் அம்மா அதை முறைப்படித் தானே தட்டச்சு செய்தார், பாவம்.

இனி இயக்குநருக்கு முன்னால் இருந்தது ஒரே கேள்வி. கோல் சரி. அது கடைக்காரர்கள் முன்னிலையில் முடிவாகிவிட்டது. மாத்திரையும் சரி. அது தொடக்க விழாவிலேயே முடிவானது. அப்படியானால் தப்பு யாருடையது? விடை கிடைக்க அவருக்கு அரை நாள்கூட ஆகவில்லை. அன்று மாலையே அளவு குறைந்த நான்கு பெண்களின் மேசைக்கும் ஆளுக்கொரு குறிப்பாணை வந்தது.

"மேற்படி நின்ற மகளிராகிய தாங்கள், திட்டம் நடைமுறையில் இருந்த காலத்திலேயே, முன் அனுமதி எதுவும் பெறாமல், அளவில் குறைந்துள்ளது உறுதி செய்யப்பட்டுள்ளது. இதற்கான விளக்கத்தை மூன்று நாட்களுக்குள் எழுத்துமூலம் தர வேண்டும்."

அளவுக்காரம்மாவுக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. கோபம்தான் வந்தது. உள்ளங்கால் வரை எரிந்தது. என் முதுகு என் அனுமதியைக் கேட்டுக்கொண்டா தேய்ந்தது என்று தாளைக் கசக்கிக் குப்பையில் போடப் போனார். போட்டிருப்பார். கடைசி நிமிடத்தில், எந்தத் தாளானாலும் இரண்டு தடவை படிக்கிற ஆய்வாளர் புத்தி குறுக்கே வந்தது. படித்தார். "அளவில் குறைந்துள்ளது உறுதி செய்யப்பட்டுள்ளது." கீழே இயக்குநரின் கையெழுத்து.

முகம் மெல்ல மலர்ந்தது. கசங்கிய தாளை நீவி நேராக்கினார். பிறகு பீரோவைத் திறந்து, கடைத்தெருவுக்குப் போகும்போது எடுத்துப்போகும் படிவக் கட்டிலிருந்து நான்கை உருவினார். எந்தக் கடையில் எந்தப் பொருள் குறைந்திருந்தாலும் அந்தப் படிவத்தை நிரப்பிப் பொருளைப் பரிசோதனைக்கு அனுப்பியாக வேண்டும். அன்று மற்ற மூன்று பெண்களையும் உட்கார வைத்து, நான்கையும் அழகாக நிரப்பினார்.

மறுநாள் இயக்குநரின் மேசைமேல் அவற்றை வைத்தார்.

"என்னம்மா இது?"

"நீங்க கேட்ட விளக்கம் சார்."

இயக்குநர் முதல் படிவத்தைப் படித்தார். பொருள்: பெண், ஒன்று. இருக்க வேண்டிய அளவு: 157.6. இருந்த அளவு: 155.5. பரிசோதனைக்கு அனுப்பும் இடம்: ஊழியர் மருத்துவமனை, எலும்பு ஸ்கேன் பிரிவு.

"இது தராசுக்குப் போடற படிவமாச்சேம்மா!"

"அளவு குறைஞ்ச எந்தப் பொருளுக்கும் இதுதான் சார். குறைஞ்சிருக்குன்னு நீங்களே எழுத்துல குடுத்துட்டீங்க. எழுத்துல வந்துட்டா பரிசோதனைக்கு அனுப்பியே ஆகணும். தராசுன்னா தராசுக் கூடம். முதுகெலும்புன்னா ஆஸ்பத்திரி."

"அனுப்பலேன்னா?"

"அனுப்பாதவரை விசாரிக்கணும் சார். அதுக்கு வேற படிவம் இருக்கு. கையோட கொண்டுவந்திருக்கேன்."

இயக்குநர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "எங்க கையெழுத்துப் போடணும்?"

"கீழ வலது பக்கம் சார். கோடு போட்டிருக்கு பாருங்க."

கோடு இருந்தால் போதும், அதன் அடியில் என்ன அச்சாகியிருக்கிறது என்று பார்ப்பது ஒரு தலைமை அதிகாரிக்கு அழகில்லை. நான்கிலும் வளைத்து நெளித்துக் கையெழுத்திட்டார். முத்திரையும் குத்தினார். திட்டத்தின் கீழ் நான்கு பெண்கள் உயர் சிகிச்சைக்கு அனுப்பப்பட்டதாக அறிக்கையில் எழுதிக்கொள்ளலாமே என்று அதற்குள் அவருக்கு ஒரு யோசனையும் பிறந்திருந்தது.

அடுத்த அரை மணியில் நான்கு பெண்களும் ஊழியர் மருத்துவமனையின் ஜன்னல் முன்னால் நின்றார்கள். உள்ளே இருந்த எழுத்தர் படிவத்தை மூக்கருகே வைத்துக்கொண்டு மேலிருந்து கீழே படித்தார்.

"கையெழுத்து இருக்கு, முத்திரை இருக்கு. ஸ்கேன் இன்னிக்கே எடுத்துடலாம்." கடைசி வரிக்கு வந்ததும் நிமிர்ந்தார். "ஏம்மா, இது கடைக்காரர் கையெழுத்தா? 'அளவைக் குறைத்து விற்ற கடைக்காரர்'னு கீழே அச்சடிச்சிருக்கே?"

"ஆமாங்க. அவர்தான்."

"சரி, அவர் என்ன வித்தார்னு எழுதற கட்டம் காலியா இருக்கே. ஒரு கட்டத்தைக்கூட நான் காலியா வாங்க மாட்டேன்மா."

அளவுக்காரம்மா பேனாவை வாங்கினார். ஜன்னல் பலகையும், வீட்டு அலமாரி போலவே, உயரமாகத்தான் இருந்தது. எக்கி நின்று, தெளிவான கையெழுத்தில் எழுதினார்:

"எங்கள் எலும்பை."